எதிரே வருகிறவரின் கண்



போன மாதம் சித்தப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி நிறுத்திப் படம் போட்டேன் அல்லவா? அதற்கு வந்த பதில்களில் பாதி ஒரே மாதிரி இருந்தன. "சார், ஹெட்லைட்டை மட்டும் எல்இடி போட்டுடுங்க, பகல் மாதிரி இருக்கும்" என்று. பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவன் ஒரு படி மேலே போய் ஒரு ஜோடி பல்பையே கூரியரில் அனுப்பிவிட்டான். அன்புக்கு நன்றிடா. ஆனால் அதைப் போடவில்லை. ஏன் என்று கேட்டு நான்கு பேர் போன் செய்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும். பாடம் நடத்திய வாய், சுருக்கமாகப் பேசத் தெரியாது.

முதலில் கார். இன்றைய பிள்ளைகளுக்கு அம்பாசிடர் தெரியும், பத்மினி தெரியும். ஹெரால்டு தெரியாது. அது நம் ஜி.எஸ்.டி. ரோட்டின் குழந்தை. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் வண்டலூர் பக்கம் இதே சாலையின் ஓரத்தில்தான் தொழிற்சாலை வைத்திருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் இங்கே செய்தார்கள். உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அதன் விசேஷம், முன்பக்க பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டு. முதலை வாயைத் திறப்பது போல மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகச் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். பார்க்கவே அழகு. ஆனால் ஹெட்லைட்டும் அந்த மூஞ்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் விளக்குக்குப் போகும் வயர் மடங்கி நிமிரும். வருடக்கணக்கில் மடங்கினால் எந்த வயர்தான் தாங்கும்? ஹெரால்டு வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு கண் மட்டும் எரியும் அனுபவம் உண்டு.

அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளின் மின்சாமான்கள் பெரும்பாலும் லூக்காஸ். பர்மிங்காமில் ஜோசப் லூக்காஸ் ஆரம்பித்த கம்பெனி. சைக்கிளுக்கு எண்ணெய் விளக்கு செய்து, 'சாலையின் ராஜா' என்று பெயர் வைத்து விற்றவர்கள். கார் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் அவருக்கு வேறு பட்டம் கொடுத்தார்கள்: 'இருட்டின் இளவரசர்'. விளக்கு எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாதாம்! அதே லூக்காஸ், நம் டிவிஎஸ்காரர்களோடு சேர்ந்து 1961இல் சென்னை பாடியில் தொழிற்சாலை போட்டது. ஹெரால்டு பிறந்த அதே வருடம்.

அதற்கும் முன்னால் போனால் மோட்டாருக்கு மின்விளக்கே கிடையாது. கார்பைடு விளக்குதான். ஒரு டப்பாவில் கார்பைடு கல், மேலே ஒரு டப்பாவில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அசிட்டிலீன் வாயு வரும். அதைக் கொளுத்தினால் வெள்ளை வெளிச்சம். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போகிறார்களே, அதே கல்தான். அந்த விளக்கில் டிம்மும் இல்லை, பிரைட்டும் இல்லை. வண்டி போன வேகத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. மின்விளக்கு வந்து வேகமும் கூடிய பிறகுதான், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும் என்ற பிரச்சினையே பிறந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். ஹெட்லைட்டின் வரலாறு என்று எழுதுகிறவர்கள் எல்லாம் வெளிச்சம் எப்படிக் கூடியது என்றே எழுதுகிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது சுலபம். கூட்டிய வெளிச்சத்தை எதிராளியின் கண்ணில் படாமல் எப்படிக் குனிய வைப்பது என்பதில்தான் நூறு வருட மூளை செலவாகியிருக்கிறது. எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வரைந்த குழியாடி ஞாபகம் இருக்கிறதா? குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாகப் போகும். அதுதான் பிரைட். டிம்முக்கு இன்னொரு இழை, குவியத்துக்குச் சற்று முன்னால். அப்போது ஆடியின் மேல்பாதியில் பட்ட கதிர் கீழே சாயும், கீழ்ப்பாதியில் பட்டது மேலே ஏறும். மேலே ஏறுவதுதான் எதிரியின் கண்ணைக் குத்துவது. எனவே அந்த இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகரக் கிண்ணத்தைப் பிடித்துக் கீழ்ப்பாதிக்கு வெளிச்சமே போகாமல் தடுத்தார்கள். மிளகாய் விதை அளவு இழை, சுண்டுவிரல் நகம் அளவு கிண்ணம். அது ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் ரோட்டில் விழ வேண்டிய வெளிச்சம் மரக்கிளைக்குப் போய்விடும்.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு வேறு வைத்தியங்களும் இருந்தன. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், அந்த நாளில் பஸ், லாரி, கார் எல்லாவற்றின் ஹெட்லைட்டிலும் மேல்பாதிக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். போர்க்காலத்தில், ஜப்பான் விமானம் வரும் என்று பயந்து சென்னை இருட்டடிப்பில் கிடந்தபோது வண்டி விளக்குகளுக்கு மறைப்புப் போட்டார்கள். 1942 ஏப்ரலில் பட்டணத்தைக் காலி செய்து ஜனங்கள் வெளியூர்களுக்கு ஓடினார்கள். 1943 அக்டோபரில் ஒரு விமானம் நிஜமாகவே வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. போர் முடிந்தும் கருப்பு மை போகவில்லை, கண் கூசாமலிருக்க என்று காரணம் மட்டும் மாறிக்கொண்டது. இன்றும் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் போலீஸ்காரர்கள் டோல்கேட்டில் நின்று ஹெட்லைட் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அதன் தாத்தா இந்தக் கருப்பு மைதான்.

நல்ல எண்ணம், ஆனால் மேலே சொன்ன குழியாடியை மறுபடி நினையுங்கள். கிண்ணம் வைத்த பல்பில் டிம் வெளிச்சம் முழுக்க ஆடியின் மேல்பாதியிலிருந்துதான் வருகிறது. கண்ணாடியின் மேல்பாதியைக் கருப்படித்தால்? தரையில் விழ வேண்டிய நல்ல வெளிச்சத்தைத்தான் மறைக்கிறோம். டிம்மில் ஒன்றும் தெரியாமல் டிரைவர் பிரைட்டிலேயே ஓட்டுவார். மை அடித்தும் கண் கூசும். இதை நான் ஒரு பஸ் டிரைவரிடம் விளக்கப் போய், "வாத்யாரே, டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

மை அடித்தது வண்டியில். சாலையிலும் ஒரு ஏற்பாடு இருந்தது. நான்கு வழிச்சாலை வருவதற்கு முன் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் புளியமரம். அடிமரத்தில் சுண்ணாம்பும் கருப்பும் மாற்றி மாற்றிப் பட்டை அடித்திருப்பார்கள். மங்கலான 45 வாட் பல்புக்கு அந்த வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்து, ரோடு எங்கே வளைகிறது என்று சொல்லும். மரங்கள் போய்விட்டன. இப்போது நடுவே அரளியும் காகிதப்பூவும் நிற்கின்றன. அழகுக்கு என்று நினைக்கிறோம். எதிர்த் திசை வண்டியின் வெளிச்சத்தை மறைக்கும் வேலையும் அவற்றுக்கு உண்டு. இரவில் போகும்போது செடி பட்டுப்போன இடைவெளியில் பாருங்கள், பளிச் பளிச்சென்று அடிக்கும்.

கை காட்டி விளக்கையும் சொல்லாமல் விட மனமில்லை. மாரிஸ் மைனர் காரில் கதவுத் தூணுக்குள் ஒரு சின்ன ஆரஞ்சுக் கை மடங்கிக் கிடக்கும். சுவிட்சைத் திருப்பினால் 'டக்'கென்று வெளியே நீட்டும், உள்ளே ஒரு குட்டி பல்பு எரியும். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் கைகாட்டி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது காருக்குப் போட்ட கைகாட்டி. மழைக்காலத்தில் நீட்டிய கை திரும்ப மடங்காது. டிரைவர் ஜன்னல் வழியாக உள்ளங்கையால் தூணில் ஒரு அடி வைப்பார். பிறகு மினுக்கும் இன்டிகேட்டர் வந்தது. அது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மினுக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி இருக்கிறது. பழைய பிளாஷர் டப்பாவுக்குள் ஓர் உலோகப் பட்டை சூடாகி வளைந்து, ஆறி நிமிர்வதால்தான் அந்த 'டிக் டிக்'. அதற்கு 21 வாட் பல்பு இழுக்கும் கரண்ட் வேண்டும். எல்இடி போட்டால் கரண்ட் போதாமல் கணக்குத் தப்பும். சில வண்டிகளில் மினுக்கவே மினுக்காது, சிலவற்றில் பைத்தியம் பிடித்த மாதிரி அடிக்கும்.

சரி, இனி நான் எழுதத் தயங்கிய பகுதி.

வருடம் 1987. அப்போது விழுப்புரத்தில் வேலை, திண்டிவனத்தில் வீடு. ஹெரால்டு சித்தப்பாவிடம்தான் இருந்தது, விசேஷங்களுக்கு மட்டும் நான் ஓட்டுவேன். ஹாலோஜன் பல்பு நம் கடைகளில் தாராளமாக வர ஆரம்பித்த நேரம். முறையானது 60/55 வாட். ஆனால் 100/90 என்று ஒன்று தொங்கும். அதைக் கேட்டு வாங்கிப் போட்டது நான்தான். சித்தப்பா வேண்டாம் என்றார். "சும்மா இருங்க சித்தப்பா, நான் சயின்ஸ் வாத்தியார்" என்றேன்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு திரும்பினோம். பின் சீட்டில் நான்கு பேர், டிக்கியில் வாழைத்தாரும் பாத்திரமும். விக்கிரவாண்டி தாண்டிக் கூட்டேரிப்பட்டு வருவதற்குள் எதிரே ஒரு சைக்கிள் தெரிந்தது. டிம் செய்தேன். சத்தியமாகச் செய்தேன். இருந்தும் அந்தச் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி, ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் விழுந்தது. நிறுத்தி ஓடினேன். வயதானவர். மணிக்கட்டு மடங்கிக் கிடந்தது. "ரோடே தெரில சார், வெள்ளையா பூட்ச்சி" என்றார். திட்டவில்லை. அவரைக் காரில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு, விடியும் முன் வீட்டில் விட்டோம். வாசலில் அரிக்கேன் விளக்கோடு வந்து நின்ற பேரன் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். என் எட்டாம் வகுப்புப் பையன். ரயிலில் விழுப்புரம் வந்து படிப்பவன்.

டிம் செய்தும் எப்படிக் கண் கூசியது? பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பின்னால் பாரம் ஏறினால் காரின் மூக்கு தூக்கும். ஒரே ஒரு டிகிரி தூக்கினாலும் 100 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஒன்றே முக்கால் மீட்டர் மேலே ஏறிவிடும். சைக்கிள்காரரின் கண் உயரம் அதற்குள்தான். அதோடு என் ரிஃப்ளெக்டரில் வெள்ளி முலாம் கருத்து, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிக்கொண்டிருந்தது. அந்தச் சிதறலுக்கு நான் 90 வாட் கொடுத்திருந்தேன். டிம் சுவிட்சைத் தட்டியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

குழியாடி பாடத்துக்கு வருடா வருடம் கார் ஹெட்லைட்டைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அந்த வருடம் டார்ச் லைட்டைச் சொன்னேன். முதல் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் இப்போது இதைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

விதி என்ன சொல்கிறது தெரியுமா? 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106 என்று ஒன்று. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். பல்பின் வாட்டைப் பற்றிப் பேசாமல் எதிரே நிற்கும் ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் எழுதியவர் இரவில் சைக்கிளில் போயிருப்பார்.

இப்போது ஹெரால்டுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

விளக்கு 7 அங்குல வட்டம். 1940 முதல் அமெரிக்காவில் எல்லாக் காருக்கும் ஒரே அளவு என்று வைத்த அளவு அது. உலகம் முழுக்கப் பரவியது. ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும் அதே அளவு என்பதால் இன்றைக்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கிறவர்கள் ஜாக்கிரதை. வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடி வெளிச்சத்தை வலது ஓரத்துக்குத் தூக்கும். நம் ஊரில் அது நேராக எதிரே வருகிறவர் முகத்துக்குப் போகும். நம்முடையது இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள். நான் 1987க்கு முன் வீபூதி போட்டுத் துடைத்தவன், அதனால்தான் சொல்கிறேன். வெள்ளி முலாம் காகிதத்தைவிட மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும். இந்த முறை பூஜைச் சாமான்களுக்கு முலாம் போடும் பட்டறையில் கொடுத்து வெள்ளி ஏற்றினேன். அலுமினியப் பூச்சும் போடலாம், கருக்காது, ஆனால் பிரதிபலிப்பு வெள்ளியைவிடக் கொஞ்சம் குறைவு. அந்தப் பட்டறைக்காரர் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஹெட்லைட்டை வைத்துப் படம் எடுத்து அனுப்பியதை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பெரிய வித்தியாசம் வயரில்தான் வந்தது. ஐம்பது வருட வயர், துருப்பிடித்த எர்த், தேய்ந்த சுவிட்ச். பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் பல்புக்குப் போய்ச் சேர்ந்தது 10க்குக் கொஞ்சம் மேல். இழை பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். 'பழைய கார்ல லைட்டே இருக்காது' என்கிறார்களே, பாதி குற்றம் பல்பின் மேல் இல்லை. பல்புக்குப் பக்கத்திலேயே இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, எர்த்தைச் சுரண்டிப் புதிதாக முடுக்கினோம். மொத்தம் 800 ரூபாய் ஆனது. பானெட் மடங்கும் இடத்தில் வயரை ஒரு சுற்று தளர்வாக விட்டிருக்கிறோம், இனிமேல் ஒடியாது என்று நம்பிக்கை. பல்பு 60/55 தான்.

பெங்களூர் மாணவனுக்கு: உன் எல்இடியை ஒரு தடவை மாட்டிப் பார்த்தேன், பார்க்காமல் சொல்வது அறிவியல் ஆகாது. எரியவே இல்லை! இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகள் பல அப்படித்தான். இழை பல்புக்கு எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படி இல்லை. வயரை மாற்றிக் கொடுத்து வெளியே வைத்து எரித்தோம். எரிந்தது, பிரமாதமாக எரிந்தது. பிறகு விளக்கில் பொருத்திச் சுவரில் அடித்தபோது கோடே இல்லை. இழை இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான ஒரு குச்சியின் இரண்டு பக்கமும் சில்லுகள். ஆடிக்கு எது குவியம் என்று குழப்பம். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாடிக் கொடியில் காய்ந்த வேட்டி வரை வெளிச்சம். எல்இடி கெட்டது என்று சொல்லவில்லை. அதற்கென்றே செய்த விளக்கில் அது ராஜா. இழைக்காகச் செய்த ஆடியில் அதை நுழைப்பதைத்தான் சொல்கிறேன். வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், அதை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் வேறு இருக்கின்றன. 50 வருடம் தாண்டிய கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்யும் 2021 விதியிலும் பெரிய மாறுதல் செய்யாத வண்டி என்பதுதான் நிபந்தனை.

கடைசி வேலை, பார்வையைச் சரி செய்வது. சமதரையில் சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். பின் சீட்டில் வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. விளக்கின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. அதற்கு 8 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டில் நிற்க வேண்டும். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரம் என்றால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையத்தைக் கழற்றினால் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று திருகுகள் இருக்கும்.

என் காம்பவுண்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். பின் சீட்டுக்கு என் மனைவியும் மச்சினரும் அவர் சம்சாரமும் ஏறி உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் இருட்டில் உட்கார வைத்ததற்குக் காபி கேட்டார்கள். அடுத்த வாரம் அந்தப் பையன், அவனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது, கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருந்தான். சுவரில் கோட்டைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போய் வண்டிக்கு முன்னால் எட்டு எட்டடி வைத்து, கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக் குனிந்து நின்றான். தாத்தாவின் சைக்கிள் உயரத்துக்கு.

"டிம் போடுங்க சார்" என்றான். போட்டேன்.

"தெரியுது சார். உங்க முகம் தெரியுது."

சுவர்க் கோடுகள் மழை வரும்வரை இருக்கும். வண்டி வைத்திருப்பவர்கள் ஏழு மணிக்கு மேல் வாருங்கள், உங்கள் வண்டிக்கும் பார்க்கலாம். வரும்போது பின் சீட்டு ஆட்களையும் அழைத்து வாருங்கள். ஹெரால்டின் பழைய படங்கள், குறிப்பாக 1970களில் சித்தப்பா மயிலம் கோயில் வாசலில் நிறுத்தி எடுத்தது, யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். முன் வளையம் அப்போது குரோமா, பெயிண்டா என்று எனக்கும் மச்சினருக்கும் இன்னும் தீராத வாக்குவாதம்.